கடன் இட்டுச்சென்ற அரசவை: ஜெர்மானியப் பிரபு க்னிகேயின் பணிவாழ்க்கை

ஹனோவர் நகரத்துக்கு அருகிலுள்ள பிரெடன்பெக் பண்ணையின் உரிமையாளரான பிரபு கார்ல் ஃபிலிப் க்னிகே 1766இல் காலமானபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்களைவிடக் கடன் பத்திரங்களோடு வந்தவர்களே அவருடைய மகனின் வாழ்க்கையைத் தீர்மானித்தார்கள். தாயை மூன்றாண்டுகளுக்கு முன்பே இழந்திருந்த அந்த மகன், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற அடோல்ஃப் க்னிகே, 1752 அக்டோபர் 16 அன்று பிறந்தவர். தந்தையின் ஆடம்பரத்தால் விளைந்த கடன் ஒரு லட்சம் தாலரை (அக்கால ஜெர்மானிய வெள்ளி நாணயம்) தாண்டியிருந்தது. கடன்காரர்கள் பண்ணைகளைத் தங்கள் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டு, வாரிசான சிறுவனின் செலவுக்கென ஆண்டுக்கு 500 தாலர் மட்டும் கொடுக்க இசைந்தார்கள். நிலம் அவனுடையது, வருமானம் அவர்களுடையது என்ற இந்த ஏற்பாடு அவர் சாகும்வரை முழுமையாக மாறவில்லை. பின்னாளில் அவர் ஒவ்வோர் அரசவை வாசலிலும் போய் நின்றதற்கு ஆசையைவிட இதுவே பெரிய காரணம்.

பிரபு என்றதும் பரந்த நிலமும் கோட்டையும் ஏவலாட்களும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் பட்டம் மட்டும் இருந்து பணம் இல்லாத பிரபுக்கள் ஏராளம். க்னிகே தரித்திருந்த ஃப்ரைஹெர் பட்டம் பிரபுக்களின் வரிசையில் கீழ்ப்படிகளில் ஒன்று, ஏறக்குறைய இங்கிலாந்தின் பாரன் (Baron) பட்டத்துக்கு இணையானது. கடை வைப்பதோ கைத்தொழில் செய்வதோ குடிப்பெருமைக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலத்தில், இத்தகையவர்களுக்குத் திறந்திருந்த வழிகள் படை, தேவாலய மடங்களின் பதவிகள், அரசவைப் பணி ஆகியவையே. அவற்றுள் அரசவைப் பணிக்குத்தான் வாய்ப்பு அதிகம். புனித ரோமானியப் பேரரசு என்ற பெயரில் ஒரே அரசாகத் தோன்றிய நிலப்பரப்பு உண்மையில் ஏறத்தாழ 300 தனித்தனி ஆட்சிப் பகுதிகளாகச் சிதறிக் கிடந்தது. ஒரு நாள் குதிரைச் சவாரியில் கடந்துவிடக்கூடிய சிற்றரசுகூட பிரெஞ்சு மன்னரின் வெர்சாய் அரண்மனையைப் பார்த்துத் தனக்கென ஓர் அரசவையையும், நாடகக் கொட்டகையையும், வேட்டை அதிகாரியையும், பதவிப் படிநிலையையும் வைத்துக்கொண்டிருந்தது. வேலை கொடுக்க எத்தனை அரசர்கள் இருந்தார்களோ அத்தனை பேரின் மனநிலையையும் அறிந்து நடக்க வேண்டிய கட்டாயமும் பிரபுக்களுக்கு இருந்தது.

க்னிகே 1769 முதல் 1772 வரை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். படிப்பு முடியும் முன்பே, 1771இல், ஹெஸ்ஸன்–காஸல் நாட்டின் ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரீட்ரிக் அவருக்கு இரட்டைப் பதவி ஒன்றை அளித்தார். அதன் ஒரு பாதி, விருந்திலும் விழாவிலும் அரசருக்கு முன் நிற்க வேண்டிய இளம் அரசவையாளர் பதவி. மற்றொரு பாதி, போர்ச் செலவையும் அரச நிலங்களின் வருவாயையும் கவனிக்கும் அலுவலகத்தில் துணை அதிகாரி வேலை. அலங்காரமும் கணக்கு வழக்கும் கலந்த இத்தகைய நியமனம் அக்காலத்தில் வழக்கமானதே. அலங்காரப் பாதிக்குக் குலம் தகுதி, கணக்குப் பாதிக்குப் படிப்பு தகுதி. காஸலில் அரசின் புகையிலை ஆலையின் நிர்வாகத்திலும் க்னிகே பங்கேற்றார். புகையிலை இலையின் கொள்முதலையும் விற்பனையையும் பகலில் பார்த்துவிட்டு, மாலையில் பிரெஞ்சு மொழியில் நயமாகப் பேசத் தயாராக வேண்டிய வாழ்க்கை அது.

மாலை நேரம்தான் அவருக்கு இடறியது. காஸல் அரசவையின் பேச்சும் நாடகமும் ரசனையும் பிரெஞ்சுமயமாக இருந்தன. பாரிஸிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே தனி மதிப்பு. க்னிகேயோ கேலிப் பேச்சில் கெட்டிக்காரர், யாரிடம் எதைச் சொல்லலாம் என்ற நிதானம் இல்லாதவர். ஏறக்குறையக் குழந்தையாகவே அரசவை மேடையில் தள்ளப்பட்டதாகவும், அடங்காத சுறுசுறுப்பும் சூடான ரத்தமும் தம்மைப் பல இடங்களில் தவறவைத்ததாகவும் அவரே பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். அவருடைய திருமணத்தைப் பற்றி வழங்கும் கதையும் இதற்குப் பொருந்துகிறது. ஆட்சியாளரின் மனைவி ஃபிலிப்பினேயின் தோழிப் பெண்களில் ஒருவரான ஹென்ரியெட்டே ஃபோன் பௌம்பாக்கிடம் அவர் ஓயாமல் விளையாட்டுத்தனம் செய்துகொண்டிருந்தாராம். அதைக் கண்ட அரசி, ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் இருவரையும் மணமக்களாக அறிவித்துவிட, மறுக்க வழியில்லாமல் போயிற்று என்பார்கள். கதையில் எவ்வளவு உண்மையோ, 1773இல் திருமணம் நடந்தது உண்மை. மறு ஆண்டு பிறந்த மகளுக்கு அரசியின் பெயரான ஃபிலிப்பினே என்பதே பெயராயிற்று. ஒருவருடைய இல்லறமும்கூட எசமானரின் சமிக்ஞைக்குக் கட்டுப்பட்டிருந்த உலகில் இந்தக் கதை நம்பத்தக்கதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அரசவையில் ஒருவரைக் கவிழ்க்கக் குற்றச்சாட்டு வேண்டியதில்லை. அரசர் காலையில் உடுத்தும் நேரத்தில் அருகில் இருப்பவர் ஒரு சொல் போட்டால் போதும். மறுநாள் அரசரின் பார்வை சற்று விலகும், அதைக் கண்டு மற்றவர்களின் வணக்கமும் குறையும். கோள் மூட்டுவோரின் வலையில் சிக்கி 1775இல் க்னிகே காஸலை விட்டு வெளியேறி, மனைவியின் குடும்பத்தாரோடு ஒதுங்கினார். அப்போது அவருக்கு 22 வயது.

அடுத்து அவர் எட்டிப்பிடித்தது வைமார் அரசவை. இளைஞரான கோமகன் கார்ல் ஆகஸ்ட் தம் சிறிய தலைநகருக்குக் கவிஞர் கதேயை (Goethe) அழைத்துவந்து, இலக்கியப் புகழ் சேர்த்துக்கொண்டிருந்த தருணம் அது. அவர் க்னிகேக்கு அரண்மனை அறைக் காவலர் என்று பொருள்படும் உயர்ந்த பட்டத்தை வழங்கினார். இப்பட்டம் பெற்றவர்கள் அதன் அடையாளமாகச் சாவி ஒன்றைச் சீருடையின் இடுப்புப் பகுதியில் அணிவது வழக்கம். எந்தக் கதவையும் திறக்க வேண்டிய தேவையில்லாத, பார்வைக்கு மட்டுமான சாவி. க்னிகே பெற்றது கௌரவப் பட்டமே, சம்பளம் கிடையாது. ஆட்சியாளருக்கு இதனால் செலவில்லை, தம் அரசவையின் பட்டியலில் இன்னொரு பழம்பெரும் குடும்பத்தின் பெயர் சேரும். பெறுபவருக்கும் பயன் உண்டு: வேறோர் அரசவையில் வேலை தேடிச் செல்லும்போது வெறும் கையோடு நிற்க வேண்டியதில்லை. ஜெர்மானியப் பிரபுக்களின் வரலாற்றில் நீண்ட பட்டங்களின் பட்டியலைக் காணும்போது, அவற்றுள் எத்தனைக்குச் சம்பளம் இருந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

1777இல் அவர் ஹனாவ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். இங்கே ஒரு குடும்பச் சிக்கலை விளக்கியாக வேண்டும். ஹனாவ் ஆட்சியாளர் வில்ஹெல்ம் வேறு யாருமல்லர், க்னிகே விட்டுவந்த காஸல் ஆட்சியாளரின் மூத்த மகன். தந்தை ஃபிரீட்ரிக் இளமையில் இரகசியமாகக் கத்தோலிக்கராக மாறியது 1754இல் வெளிப்பட்டது. புரொட்டஸ்டண்ட் குடும்பம் கொதித்தெழுந்தது. அவருடைய முதல் மனைவியும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மகளுமான மேரி பிள்ளைகளோடு பிரிந்து சென்றார். ஹனாவ் பகுதி தந்தையின் அதிகாரத்துக்கு உட்படாதபடி மகனுக்கென ஒதுக்கப்பட்டது. ஆகவே காஸலில் கசப்படைந்த ஒருவருக்கு ஹனாவில் வரவேற்பு கிடைப்பது எளிது. ஆனால் தந்தையின் அவையிலிருந்து மகனின் அவைக்கு வந்தவர் என்ற சந்தேகக் கண்ணும் உடனிருக்கும்.

ஹனாவில் க்னிகே செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், ஆட்சியாளருக்குச் சலிப்பு ஏற்படாமல் பார்த்துக்கொள்வது. பிரபுக்களும் அவர்களுடைய மனைவியரும் தாமே வேடமிட்டு நடிக்கும் நாடகங்களை ஏற்பாடு செய்தார். இசையறிவு உள்ளவராதலால் இசை நிகழ்ச்சிகளிலும் அவர் கை இருந்தது. கேட்பதற்கு இனிமையான பொழுதுபோக்கு போலத் தோன்றினாலும், இதைவிட ஆபத்தான வேலை அரசவையில் குறைவு. யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்பவர், ஒரே மாலையில் ஒருவரை மகிழ்வித்து ஐந்து பேரைப் பகைத்துக்கொள்கிறார். முக்கிய வேடம் மறுக்கப்பட்ட சீமாட்டியின் கணவர் அமைச்சராக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இதே ஹனாவ் அரசவையோடு தொடர்புள்ள இன்னொரு மனிதரை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டின் யூதர் தெருவில் பழைய நாணயங்களை விற்றுவந்த மேயர் ஆம்ஷெல் ரோத்சைல்ட், 1769இல் வில்ஹெல்மிடமிருந்து அரசவை வணிகர் என்ற பட்டத்தைக் கேட்டுப் பெற்றிருந்தார். அதுவும் சம்பளமில்லாத பட்டந்தான். அவர் அதைக் கடை வாசலில் பலகையாக மாட்டி வணிகத்தைப் பெருக்கினார். அந்தக் குடும்பம் பின்னர் ஐரோப்பாவுக்கே கடன் கொடுத்தது. க்னிகேயின் பட்டத்தை அப்படி விற்றுக் காசாக்க வழியில்லை, பிரபுவின் மதிப்பே காசு பார்க்காமல் இருப்பதில்தானே இருந்தது!

வில்ஹெல்மின் செல்வத்துக்கு மற்றொரு ஊற்றும் உண்டு. அமெரிக்கக் குடியேற்றங்கள் கிளர்ச்சி செய்தபோது, இங்கிலாந்துக்குப் படைவீரர்களை வாடகைக்கு விட்ட ஜெர்மானிய ஆட்சியாளர்களில் தந்தை, மகன் இருவருமே அடக்கம். காஸல் 1776இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மட்டும் ஏறத்தாழ 12,000 வீரர்கள். ஹனாவ் அருகே வில்ஹெல்ம்ஸ்பாட் என்னும் அழகிய நீராடு தலத்தை வில்ஹெல்ம் கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளும் இவையே. ஹனோவர் நாட்டின் கதை சற்று வேறு. அதன் ஆட்சியாளரும் இங்கிலாந்து மன்னரும் ஒருவரே என்பதால், 1781இல் அங்கே திரட்டப்பட்ட இரண்டு படைப்பிரிவுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவைக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்டு, 1783இல் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்டன. அப்படைகளில் அதிகாரியாக இருந்த கார்ல் ஆகஸ்ட் ஷ்லேகல் 1789இல் சென்னையிலேயே இறந்தார். ஜெர்மனியின் முதல் சமஸ்கிருதப் பேராசிரியராகப் பின்னர் விளங்கிய ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஷ்லேகலின் அண்ணன் அவர். க்னிகேயைப் போன்ற ஹனோவர் குடிமகனுக்கு அரசவையின் நாடகக் கொட்டகை வாய்த்தது, இன்னொருவருக்குக் கடலூர்க் கரை வாய்த்தது.

1780இல் ஹனாவையும் விட்டு விலகி க்னிகே ஃபிராங்க்ஃபர்ட்டில் குடியேறினார். அவருடைய அரசவை அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தாலொழியப் புரியாத கட்டம் இதன்பின் வருகிறது. அவ்வாண்டு அவர் இலுமினாட்டி என்னும் இரகசிய அமைப்பில் சேர்ந்தார். இன்று அந்தப் பெயரைச் சுற்றி உலாவும் கட்டுக்கதைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அது 1776 மே 1 அன்று பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் அடாம் வைஸ்ஹௌப்ட் என்ற சட்டப் பேராசிரியர் தொடங்கிய, பகுத்தறிவுக் கருத்துகளைப் பரப்பும் சிறு குழு. அமைப்பினுள் வைஸ்ஹௌப்ட்டின் பெயர் ஸ்பார்ட்டகஸ், க்னிகேயின் பெயர் ஃபிலோ. பிறப்பால் வரும் மேல்கீழ் இல்லாத இடம் என்ற வாக்குறுதி, அரசவைகளில் அவமானப்பட்ட ஒருவரை ஈர்த்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் உள்ளே போனவர் கண்டது விசித்திரமானது. உயர்ந்த படிகள், அவற்றில் வெளிப்படும் ஞானம் என்றெல்லாம் கடிதத்தில் ஆசை காட்டிய வைஸ்ஹௌப்ட், நெருக்கிக் கேட்டபோது அந்தப் படிகள் இன்னும் எழுதப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். எழுதும் பொறுப்பு க்னிகேயின் தலையில் விழுந்தது. சடங்குகளை வகுத்தார், படிநிலைகளைக் கட்டினார், தம் பழைய அரசவைத் தொடர்புகளைப் பயன்படுத்தி நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்தார். 1782இல் வில்ஹெல்ம்ஸ்பாடில் கூடிய, ஃபிரீமேசன் என்னும் இரகசியச் சகோதரத்துவ அமைப்பின் மாநாட்டில் மனம் வெறுத்தவர்களும் இதன் பக்கம் திரும்பினார்கள். சேர்ந்தவர்களுள் வைமார் கோமகன், கோத்தா கோமகன் போன்ற ஆட்சியாளர்களே இருந்தார்கள் என்பதுதான் கதையின் சுவையான பகுதி. சமத்துவ அமைப்புக்குள்ளும் படிநிலை வந்தது, சிற்றரசர்கள் வந்தார்கள், தலைவரின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்ற விதியும் வந்தது. எழுதியதை எல்லாம் வைஸ்ஹௌப்ட் திருத்தத் தொடங்க, இருவருக்கும் முட்டிக்கொண்டு, 1784இல் க்னிகே வெளியேறினார். பவேரிய அரசு இரகசிய அமைப்புகளைத் தடைசெய்த அதே ஆண்டு அது. க்னிகே அங்கே மீண்டும் ஓர் அரசவையைத்தான் கட்டிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. அவர் அறிந்த ஒரே கட்டுமானம் அதுவாக இருந்திருக்கலாம்.

இடைப்பட்ட ஆண்டுகளில் பிழைப்பு எழுத்தால் நடந்தது. ஹைடல்பெர்க்கில் தங்கி நாவல்களும் நையாண்டிகளும் எழுதினார், ரூசோவின் தன்வரலாற்றை மொழிபெயர்த்தார். மோட்சார்ட்டின் ஃபிகரோ இசைநாடகத்தின் உரையைப் பின்னர் மகளுடன் சேர்ந்து ஜெர்மனில் பெயர்த்தார். வேலைக்காரன் ஒருவன் பிரபுவை மடக்கும் கதை அது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். 1787இல் சொந்தப் பண்ணைகளை மீட்கும் நோக்கத்தோடு ஹனோவருக்குத் திரும்பினார். மறு ஆண்டு, மனிதர்களோடு பழகுவதைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது.

இந்த நூலுக்கு நேர்ந்த கதி கொஞ்சம் வருத்தத்துக்குரியது. இன்றைய ஜெர்மனியில் க்னிகே என்றால் முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று சொல்லும் நாகரிக வழிகாட்டி என்றுதான் பொருள். அவர் இறந்த பிறகு பதிப்பாளர்கள் நூலைத் திருத்தி, உடை, மேசை ஒழுங்கு பற்றிய விதிகளைச் சேர்த்துக்கொண்டே போனதன் விளைவு இது. அவர் எழுதியதோ பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, எசமானர், வேலையாள், அண்டை வீட்டார் தொடங்கி விலங்குகள் வரை, யாரிடம் எப்படி நடந்துகொண்டால் தன்மானத்தை இழக்காமல் வாழலாம் என்பதைப் பற்றி. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குக்கூட அதில் இடம் உண்டு. சிறு வயதிலிருந்தே கடன்காரர் தயவில் வாழ்ந்தவருக்கு அந்தப் பகுதியை எழுதப் பிறர் அனுபவம் தேவைப்பட்டிருக்காது.

ஆட்சியாளர்களையும் அரசவையாளர்களையும் பற்றிய அத்தியாயங்களே நூலின் கூர்மையான பகுதி. பெரிய இடத்து மனிதர்கள் சிறு வயது முதல் துதி கேட்டு வளர்ந்தவர்கள், பிறர் தமக்காகவே படைக்கப்பட்டவர்கள் என்று நினைப்பவர்கள். ஆகவே அவர்களுடைய நட்பை நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொள்ளாதே என்கிறார். அவர்களிடம் கடன் வாங்காதே, அவர்களுக்குக் கடன் கொடுக்காதே, இரகசியத்தைச் சொல்லாதே, அவர்கள் சொல்லும் இரகசியத்துக்கும் காது கொடுக்காதே என்கிறார். அரசவையாளர்களின் வெற்றுப் பேச்சையும், ஒரே முகத்தில் பத்து முகம் காட்டும் பழக்கத்தையும் நெருங்கி நின்று பார்த்தவரின் துல்லியத்தோடு விவரிக்கிறார். இவற்றுக்கு நடுவே, ஆட்சியாளர்கள் தாம் இருக்கும் நிலைக்கும் வைத்திருக்கும் செல்வத்துக்கும் மக்களின் இசைவே அடிப்படை, அதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும் என்ற கருத்தையும் சேர்த்துவைக்கிறார். பாரிஸில் பாஸ்டில் சிறை வீழ்வதற்கு ஓராண்டு முன்பு அச்சான வரிகள் இவை.

இவ்வளவும் எழுதியவர் 1790இல் மீண்டும் அரசுப் பணியிலேயே சேர்ந்தார். இதை முரண்பாடு என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் பண்ணை இன்னும் கடன்காரர் கையிலிருக்க, உடல்நலமும் குன்றிய ஒருவருக்குச் சம்பளம் தேவைப்பட்டது. இம்முறை கிடைத்தது பகட்டான அவை அல்ல. பிரேமன் சுதந்திர நகரமாக இருந்தாலும், அதன் பேராலயமும் அதைச் சார்ந்த வீடுகளும் பள்ளியும் ஹனோவர் அரசுக்கு உரியவையாக இருந்தன. அவற்றை நிர்வகிக்கும் தலைமை அதிகாரியாக க்னிகே நியமிக்கப்பட்டார். இந்தப் பணியில் அவருடைய ஆட்சியாளர் மூன்றாம் ஜார்ஜ். லண்டனில் இருந்துகொண்டே ஆண்ட அந்த மன்னர் வாழ்நாளில் ஒருமுறைகூட ஹனோவருக்கு வந்ததில்லை. எசமானரின் முகம் காண வேண்டியிராத அரசுப் பணி க்னிகேக்கு முதல் முறையாக வாய்த்தது, அவர் பணிகளுள் நீண்ட காலம் நிலைத்ததும் இதுவே.

அதே 1790இன் ஜூலை 14 அன்று, பிரெஞ்சுப் புரட்சியின் முதலாண்டு நிறைவை ஹாம்பர்க் வணிகர் ஸீவெகிங் ஹார்வெஸ்டெஹூடெயில் கொண்டாடியபோது, முதிய கவிஞர் க்ளோப்ஸ்டாக்கோடு க்னிகேயும் விருந்தினராக இருந்தார். அடுத்த ஆண்டு அபிசீனியாவை (இன்றைய எத்தியோப்பியா) களமாக வைத்து எழுதிய நாவலில், ஜெர்மானியச் சிற்றரசர்களை அடையாளம் தெரியும்படியே கிண்டல் செய்தார். இதற்கு எதிர்வினை வராமல் இருக்குமா? ஹனோவர் அரச மருத்துவரும் தாமே பெயர்பெற்ற எழுத்தாளருமான யோகான் கியோர்க் ஸிம்மர்மான், 1792இல் வியன்னா இதழ் ஒன்றில் க்னிகேயைப் பெயர் சுட்டி, மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டுபவர் என்று எழுதினார். க்னிகே வாளை உருவவில்லை, வழக்குத் தொடுத்தார். 1795இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. பிரபு ஒருவர் தம் மானத்தை நீதிமன்றத்தில் சாதாரணக் குடிமகனைப் போல மீட்டுக்கொண்டது அக்காலத்துக்குப் புதுமைதான்.

ஹனோவர் அரசு அவரைக் கண்டித்தது, கண்காணித்தது, 1795இல் ஏதோ அலுவல் என்ற சாக்கில் பிரேமனிலிருந்து ஸ்டாடெ நகருக்கு அழைத்துத் தன் பார்வையில் வைத்தது. ஆனால் பதவியிலிருந்து நீக்கவில்லை. வெளியேற்றினால் அவர் முழுநேரமும் எழுதத் தொடங்கிவிடுவார் என்ற கணக்கு அதில் இருந்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். நெடுநாளைய நோயால் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே அலுவல் பார்த்துக்கொண்டிருந்த அவர், 1796 மே 6 அன்று, 43ஆம் வயதில், பதவியில் இருக்கும்போதே காலமானார். பிரேமன் பேராலயத்தினுள்ளேயே அடக்கம் செய்தார்கள். அதற்குள் மகள் ஃபிலிப்பினேயும் எழுத்தாளராகியிருந்தார். பெண்களுக்கென அவர் எழுதிய தர்க்க நூல் 1789இலேயே வெளிவந்திருந்தது. பண்ணைகளைக் கடனிலிருந்து முழுமையாக மீட்டு மகள் கையில் கொடுக்க மட்டும் தந்தையால் கடைசிவரை இயலவில்லை.